கார் போர்ச்சில் 200 கிலோ இயந்திரம்: சக்கரம் பூட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

தாமான் வீடுகளில் மரவேலை, இரும்பு வேலை கற்றுக்கொள்ளும் இளையர்கள் பலருக்குக் கையில் இருக்கும் ஒரே பட்டறை, வீட்டு வாசலில் உள்ள கார் போர்ச்தான். பகலில் கார் வெளியே போகும், இடம் கிடைக்கும். சாயங்காலம் கார் திரும்பி வந்ததும் எல்லாம் ஓரத்துக்குப் போயாக வேண்டும்.

கை டிரில், சேண்டர் என்றால் பெட்டியில் போட்டு மூடிவிடலாம். ஆனால் வார்ப்பிரும்பு மேசை வைத்த டேபிள் சா 200 கிலோவைத் தாண்டும். நின்ற நிலையில் வேலை செய்யும் டிரில் பிரஸ் ஏறக்குறைய 100 கிலோ. 14 அங்குல பேண்ட்சாவும் அதே அளவுதான். இதையெல்லாம் தினமும் யார் இழுப்பது?

"அடியில நாலு சக்கரம் பூட்டிட்டா போதாதா?" என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும்.

பாதி வேலை அதில் முடிந்துவிடும். மீதிப் பாதியில்தான் இயந்திரம் சாய்வதும், கால் விரல் நசுங்குவதும், வெட்டிக்கொண்டிருக்கும்போது மேசை நகர்வதும் நடக்கின்றன. அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போவது நல்லது.

முதலில், எதற்குச் சக்கரமே வேண்டாம்?

எல்லாவற்றுக்கும் சக்கரம் பூட்ட வேண்டியதில்லை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

டேபிள் சாவில் 4க்கு 8 அடி பிளைவுட் பலகையை வெட்ட, முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் வெற்றிடம் வேண்டும். அது நடுவில் நின்றால்தான் வேலை நடக்கும். வேலை முடிந்ததும் ஓரத்துக்குப் போக வேண்டும். ஆக, அதற்குச் சக்கரம் அவசியம். பிளேனருக்கும் அப்படித்தான், நீளமான மரம் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வரும்.

டிரில் பிரஸ் அப்படியில்லை. அதில் துளை போடும் துண்டுகள் பெரும்பாலும் சின்னவை. சுவரை ஒட்டி நிறுத்தி, அடித்தட்டைத் தரையில் போல்ட் போட்டுப் பூட்டிவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். உயரமான, தலை கனத்த இயந்திரத்தை நகர்த்தாமல் வைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய பாதுகாப்பு. வீட்டில் ஓடியாடும் சிறுபிள்ளைகள் இருந்தால் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

மேசை மேல் வைக்கும் கிரைண்டர், சின்ன பேண்ட்சா போன்றவற்றைத் தனித்தனி வண்டியில் ஏற்றினால் வண்டிகளுக்கே இடம் போதாது. ஒரே வண்டியில் மேல்தட்டைச் சுழலும்படி செய்து, ஒரு பக்கம் பிளேனர், மறு பக்கம் சேண்டர் என்று பூட்டுகிறவர்கள் உண்டு. தட்டைத் திருப்பினால் இயந்திரம் மாறும். 40 கிலோ வரைக்கும் இது நல்ல வழி. அதற்கு மேல் போனால் திருப்பும்போது கையை மீறும்.

ஒரு சக்கரம் எவ்வளவு தாங்கும்?

காஸ்டர் சக்கரத்தின் தகட்டிலோ பெட்டியிலோ "100 கிலோ" என்று போட்டிருக்கும். நாலு சக்கரம் வாங்கினால் 400 கிலோ தாங்கும் என்று நினைப்போம். அங்கேதான் தவறு.

சிமெண்டுத் தரை எதுவும் முழுச் சமமாக இருப்பதில்லை. நாலு கால் நாற்காலி ஆடுவது போல, நாலு சக்கரத்தில் ஒன்று அடிக்கடி தரையைத் தொடாமல் நிற்கும். அப்போது மொத்த எடையும் மூன்றின் மேல் விழும். அதனால் மொத்த எடையை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுப்பதுதான் வழக்கமான கணக்கு.

டேபிள் சா 220 கிலோ. அதன் மேல் ஒரு முழு பிளைவுட் பலகை ஏறும்; 18 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அது மட்டுமே 30 கிலோவைத் தாண்டும். மொத்தம் 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் வகுத்தால் 83. ஆக, ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 100 கிலோ தாங்க வேண்டும். 50 கிலோ சக்கரம் நாலு வாங்கினால் கடையில் காசு மிச்சமாகும், அவ்வளவுதான்.

எந்தப் பொருளில் செய்த சக்கரம்? நைலான் லேசாக உருளும். ஆனால் போர்ச் தரையில் கடமுடவென்று சத்தம் போடும், சின்னக் கல் சிக்கினாலும் நின்றுவிடும். மிருதுவான ரப்பர் சத்தம் போடாது. பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, அப்புறம் உருட்டும்போது தடக் தடக் என்று இடிக்கும். பாலியூரித்தேன் பூசிய சக்கரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வீட்டுப் பட்டறைக்கு அதையே பரிந்துரைக்கலாம்.

விட்டம் பெரிதாக இருப்பது இன்னும் முக்கியம். ஒரு சென்டிமீட்டர் உயர விளிம்பு ஒன்றில் 5 சென்டிமீட்டர் சக்கரம் முட்டினால், அதை ஏற்றுவதற்கு அந்தச் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைவிட 1.3 மடங்கு விசையில் தள்ள வேண்டும். 10 சென்டிமீட்டர் சக்கரம் என்றால் 0.75 மடங்கு. இரண்டுமே கஷ்டம்தான். அதனால் போர்ச்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள படி விளிம்பைத் தாண்ட வேண்டியிருந்தால், மரத்தில் ஒரு சாய்வுப் பலகை செய்துவிடுங்கள். தள்ளிப் பார்த்துப் பிறகு யோசிக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

சாய்வது எப்படி?

இயந்திரம் வேகமாக உருண்டதால் கவிழ்வது குறைவு. உருண்டுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று நின்றுவிடுவதால் கவிழ்வதுதான் அதிகம்.

ஒரு டிரில் பிரஸை எடுத்துக்கொள்வோம். எடை 100 கிலோ, அடிப்பாகம் 45 சென்டிமீட்டர் அகலம். நீங்கள் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் தள்ளுகிறீர்கள். வழியில் ஒரு வயர் கிடக்கிறது. முன் சக்கரம் அதில் சிக்குகிறது. அந்த நொடியில் இயந்திரத்தைக் கவிழ்க்க 17 கிலோ அளவு விசை போதும். பள்ளி மாணவர் ஒருவரே அவ்வளவு தள்ளுவார்.

அதே இயந்திரத்தைக் குனிந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்துத் தள்ளியிருந்தால் 45 கிலோ விசை வேண்டும். வித்தியாசம் புரிகிறதா? தலையைப் பிடித்துத் தள்ளாதீர்கள். இடுப்புக்குக் கீழே பிடித்துத் தள்ளுங்கள். அதற்கு முன் வழியைக் கூட்டிப் பெருக்குங்கள், வயரைச் சுருட்டுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த இயந்திரத்தின் எடை மையம் தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். சக்கரம் இல்லாமல் நின்றால் சுமார் 13 டிகிரி சாய்ந்ததும் விழும். அதன் நாலு மூலைக்கும் கீழே 10 சென்டிமீட்டர் உயரச் சக்கரம் பூட்டினால் எடை மையமும் அவ்வளவு மேலே ஏறும். சுழலும் காஸ்டரில் சக்கரம் தன் போல்ட்டுக்கு நேர் கீழே இருப்பதில்லை, சில சென்டிமீட்டர் தள்ளியே இருக்கும். அது உள்பக்கம் திரும்பினால் தாங்கும் அகலம் இன்னும் குறையும். இப்போது 10 டிகிரி சாய்ந்தாலே போதும்.

அதே இயந்திரத்தை 70 சென்டிமீட்டர் அகலச் சட்டத்தில் உட்காரவைத்து, சக்கரங்களைச் சட்டத்துக்கு வெளியே பூட்டிப் பாருங்கள். இயந்திரம் தரையிலிருந்து 3 சென்டிமீட்டர்தான் உயரும். சாய்வு எல்லை ஏறக்குறைய 20 டிகிரிக்குப் போய்விடும். சட்டத்தின் மேல் 30 கிலோ சிமெண்டுப் பாளத்தையோ மணல் மூட்டையையோ தாழ்வாக வைத்தால் 24 டிகிரி.

செலவு கொஞ்சம்தான் கூடுதல். பாதுகாப்போ இரண்டு மடங்குக்கு மேல்.

மூன்று சக்கரம் பூட்டினால் ஆடவே ஆடாதே என்று சிலர் கேட்பார்கள். ஆடாது, உண்மைதான். ஆனால் முக்கோணத்தின் பக்கங்கள் எடை மையத்துக்குக் கிட்டே வந்துவிடுவதால் சீக்கிரம் சாயும். தாழ்வான, அகலமான இயந்திரத்துக்குச் சரி. உயரமானதுக்கு வேண்டாம்.

சட்டம் எங்கே செய்வது?

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டிங் கடை அநேகமாக எல்லா தாமானுக்கும் பக்கத்தில் உண்டு. 2 அங்குலச் சதுர இரும்புக் குழாயில் அளவு சொல்லி, ஒரு சட்டம் அடித்துக் கேட்டால் செய்து தருவார்கள். இயந்திரத்தின் அடிப்பாகத்தை நீங்களே அளந்து, எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் தளர்வு விட்டு, தாளில் வரைந்து கொண்டுபோங்கள். வாயால் சொன்ன அளவு வீட்டுக்கு வந்த பிறகு பொருந்தாது.

மரத்தில் செய்வதென்றால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்கிக்கொள்ளலாம். சக்கரத்தின் தகட்டை ஸ்குரூ போட்டு ஏற்றாதீர்கள். பலகையை முழுக்கத் துளைத்து, போல்ட், வாஷர், நட்டு போட்டு இறுக்குங்கள். பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்குரூ மெதுவாகப் பிடி விட்டுவிடும். அது வெளியே தெரியாது.

உயரத்தையும் பார்க்க வேண்டும். டேபிள் சாவின் மேசை வழக்கமாகத் தரையிலிருந்து 86 சென்டிமீட்டர் இருக்கும். அடியில் 10 சென்டிமீட்டர் ஏற்றினால் குட்டையானவர்களுக்குத் தோள்பட்டை தூக்கிக்கொள்ளும், பலகையை அழுத்திப் பிடிக்க முடியாது. பின்னால் பலகையைத் தாங்கும் மேசையின் உயரமும் மாறிப்போகும். சக்கரத்தை வெளிப்பக்கம் பூட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகர்வது சரி, நிற்பது எப்படி?

நகரும்போது நன்றாக உருள வேண்டும். வேலை செய்யும்போது பாறை மாதிரி நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே சக்கரத்திடம் எதிர்பார்ப்பதுதான் சிக்கல்.

சாதாரண பிரேக் வைத்த காஸ்டரில் மிதித்தால் சக்கரம் உருளாது, ஆனால் கழுத்து சுழலும். பலகையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் மேசை லேசாக இப்படி அப்படி அசையும். ரம்பம் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த அசைவு ஆபத்து. பலகை கோணலாகி ரம்பத்தில் மாட்டினால் உங்களை நோக்கியே எகிறி வரும். சக்கரத்தையும் கழுத்தையும் சேர்த்துப் பூட்டும் காஸ்டர் தனியாகக் கிடைக்கிறது. விலை கூட, ஆனால் வாங்க வேண்டியது அதுதான்.

அதைவிட நல்லது, வேலை செய்யும்போது எடை சக்கரத்தின் மேலேயே இல்லாமல் பார்த்துக்கொள்வது. மிதித்தால் சக்கரம் கீழே இறங்கி இயந்திரத்தைத் தூக்கும், விட்டால் இயந்திரம் தன் காலிலேயே உட்காரும். மரவேலை மேசைகளுக்கு இந்த வகை ரொம்பப் பொருத்தம். சக்கரத்துக்குள்ளேயே திருகி இறக்கும் ரப்பர் பாதம் வைத்த காஸ்டரும் உண்டு. நாலு பாதத்தையும் தனித்தனியாக இறக்கலாம் என்பதால் சமமில்லாத தரையிலும் ரசமட்டம் வைத்து நேராக்கிக்கொள்ளலாம். தினமும் நாலு தடவை குனிந்து திருக வேண்டும் என்பதுதான் அதன் தொல்லை.

எந்தச் சக்கரம் சுழல வேண்டும்? பேரங்காடித் தள்ளுவண்டிக்கு நாலும் சுழலும் வகையும் உண்டு, இரண்டு மட்டும் சுழலும் வகையும் உண்டு. இரண்டு நேர், இரண்டு சுழல் என்றால் நேராகப் போகும், நீண்ட தூரம் தள்ள எளிது. நாலும் சுழன்றால் பக்கவாட்டில் நகர்த்திச் சுவரோடு ஒட்டலாம், ஆனால் சாய்வான தரையில் கட்டுக்குள் இருக்காது. நம் போர்ச் தரை எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போர்ச் தரை ஒருபோதும் சமம் இல்லை

மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கேட் பக்கம் ஓட வேண்டும் என்பதற்காகப் போர்ச் தரையைச் சாய்வாகத்தான் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்துக்குத் தெரியும்.

நல்ல சக்கரத்தில் ஏற்றிய 220 கிலோ இயந்திரத்தைச் சமதரையில் உருட்ட 5, 6 கிலோ அளவு விசை போதும். அதே இயந்திரத்தைச் சக்கரம் இல்லாமல் இழுக்க 80, 90 கிலோ விசை தேவைப்படும். சக்கரத்தின் பலன் அவ்வளவு.

இப்போது சாய்வைச் சேருங்கள். ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால், கேட் பக்கம் தள்ள ஒரு கிலோ விசைதான் வேண்டும். திரும்ப மேலே ஏற்ற 10 கிலோ. ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்றால் யாரும் தள்ளவே வேண்டாம். பிரேக்கை விட்டதும் தானாகவே கேட்டை நோக்கிக் கிளம்பிவிடும். 220 கிலோ, தெரு வரைக்கும்.

ஆகவே, முதல் வேலையாக ஒரு நீளமான நேர்ப்பலகையையும் ரசமட்டத்தையும் வைத்துச் சாய்வை அளந்துவிடுங்கள். எப்போதும் இறக்கத்துக்குக் குறுக்காக நகர்த்தும்படி இயந்திரங்களை அடுக்குங்கள். இறக்கத்தில் நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும், இருவருமே மேல்பக்கத்தில் நின்று, பெல்ட் கட்டிப் பிடித்தபடி மெதுவாக விட வேண்டும். கீழ்ப்பக்கம் நின்று தாங்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். ஆப்புக்கட்டை இரண்டு எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டைல்ஸ் போட்ட போர்ச்சாக இருந்தால் இன்னொரு கவலை. 220 கிலோவும் நாலு சின்னப் புள்ளிகளில்தான் தரையைத் தொடுகிறது. அடியில் சிமெண்டு சரியாக நிரம்பாத டைல்ஸ் அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலியான டப்பா போல சத்தம் வந்தால் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டாம். வேறு வழியில்லை என்றால் பிளைவுட் விரித்து அதன் மேல் நகர்த்துங்கள்.

லேத் வைத்திருப்பவர்களுக்கு

இரும்பு லேத் விஷயம் தனி. அதன் நீண்ட படுக்கை துளிகூட முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஒரு மூலை தரைப்பள்ளத்தில் இறங்கினால் படுக்கை மெல்ல முறுக்கும், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைந்து எடுத்த கம்பியின் இரு முனையையும் அளந்தால்தான் ஒரு பக்கம் பருமனாகவும் மறு பக்கம் மெலிந்தும் இருப்பது தெரியவரும்.

அதனால் லேத்தை நகரும் சட்டத்தில் வைப்பதென்றால் சட்டம் அதைவிட விறைப்பாக இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு வந்ததும் பாதங்களை இறக்கி, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதுமே அலுப்பாக இருந்தால், லேத்துக்கு ஒரு நிரந்தர மூலையை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நகர்த்துவதுதான் நல்லது.

லோரியிலிருந்து இறக்கும் நாள்

சக்கரம், சட்டம் எல்லாம் தயார். இயந்திரம் கேட் வாசலுக்கு வந்துவிட்டது. அதைச் சட்டத்தின் மேல் ஏற்றுவது எப்படி?

நாலு நண்பர்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வது பழைய வழி. முதுகு பிடித்துக்கொள்வது அதன் பழைய விளைவு. கார் பட்டறைகளில் என்ஜினைத் தூக்கும் கிரேன் வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தால் நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: 2 டன் என்று போட்டிருந்தாலும், அதன் கையை முழுவதும் நீட்டினால் பெரும்பாலும் அரை டன் அளவுதான் தாங்கும். கையின் மேலேயே ஒவ்வொரு துளைக்கும் எடை எழுதியிருக்கும்.

கிரேன் இல்லையென்றால் கடப்பாரையும் மரக்கட்டைகளும் போதும். ஒரு பக்கத்தை ஓரிரு சென்டிமீட்டர் நெம்பி, கட்டை செருகி, மறு பக்கம் போய் அதையே செய்து, படிப்படியாக உயர்த்தலாம். ஒரு முறைக்கு ஒரு கட்டை உயரத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். கையை இயந்திரத்துக்குக் கீழே நுழைக்கவே கூடாது, கட்டையை இன்னொரு குச்சியால் தள்ளுங்கள்.

டிரில் பிரஸ் என்றால் அதன் மேசையைக் கீழே இறக்கிவிடுங்கள், முடிந்தால் தலையைத் தனியாகக் கழற்றுங்கள். டேபிள் சாவின் பக்க இறக்கைகளைக் கழற்றினாலே எடையில் நல்ல பகுதி குறைந்துவிடும். மேசையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அது பிடித்துத் தூக்குவதற்காகச் செய்ததில்லை.

வயர், தண்ணீர், பக்கத்து வீடு

நகரும் இயந்திரத்துக்கு நகரும் வயர் வேண்டும். சுருள் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தினால் முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடியே மோட்டாரை ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். 3 குதிரைத்திறன் மோட்டார் 230 வோல்ட்டில் நம் 13 ஆம்ப் பிளக்கின் எல்லையைத் தொட்டுவிடும், புறப்படும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதற்குத் தனி இணைப்பும் தொழிற்சாலை வகை சாக்கெட்டும் தேவை. அதைப் பதிவு பெற்ற வயரிங் குத்தகையாளரிடம் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

திறந்த போர்ச்சில் சாரல் அடிக்கும். ஈரத் தரையில் நின்று இயந்திரத்தை இயக்காதீர்கள், மின்கசிவைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். வார்ப்பிரும்பு மேசை நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மெழுகு பூசித் துடைத்து வைத்தால் துரு தள்ளிப்போகும், பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். சாரல் படாத உள்பக்கத்துக்கு இயந்திரத்தைத் தள்ளிவிட முடிவதே, யோசித்துப் பார்த்தால், இந்தச் சக்கரங்களின் பெரிய லாபம்.

பொழுதுபோக்காகச் செய்யும் வரை சரி. காசு வாங்கிக்கொண்டு நாற்காலி செய்து தர ஆரம்பித்தால் அது வியாபாரம். ஊராட்சி மன்ற உரிமம் பற்றி விசாரித்தாக வேண்டும். அதற்கு முன்பே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிளேனர் சத்தம் சுவரைத் தாண்டும்.

பூட்டிய பிறகும் வேலை இருக்கிறது. முதல் வாரம் கழித்து எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், புதுச் சட்டம் செட்டாகும்போது அவை தளரும். மாதம் ஒருமுறை சக்கர அச்சில் சுற்றிய நூல், முடி, மரத்தூளை எடுத்துவிடுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள், சில வாரங்கள் தொடப்போவதில்லை என்றால், பாதங்களை இறக்கி எடையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போங்கள்.